டயருக்குப் பட்ட கண்

காலை எட்டு மணிக்கே டயர்க்கடை வாசலில் கால் வைக்க இடமில்லை. டயர் வாங்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடைக்காரர் உருப்படியாக ஒரு டயர் விற்றே பல வாரம் ஆகிறது. வாங்க வருகிறவர் வண்டி நிறுத்த இடம் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியே அடுத்த தெருவில் இருக்கும் போட்டிக் கடைக்குப் போய்விடுகிறார். இந்தக் கூட்டமெல்லாம் மாடிக்குப் போகிற கூட்டம். மாடியில் கண்ணெடுப்பார் ஐயா எழுந்தருளியிருக்கிறார்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அவர் யார் கண்ணையும் பிடுங்குகிறவர் இல்லை. குழந்தைகளுக்குத் தலையிலும் முகத்திலும் வருகிற கரப்பானைக் குணப்படுத்துகிறவர். உச்சந்தலையில் பொருக்கு, கன்னத்தில் தடித்த சிவப்பு, காதுக்குப் பின்னால் நீர் வடியும் வெடிப்பு, எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: பொறாமைக்காரர் யாரோ ஒருவருடைய கண். அந்தக் கண்ணை ஐயா ஒரு துணியால் துடைத்து எடுத்துவிடுவார். ஒரு முழத் துணியில் முடிகிற காரியம் என்று தெரியாமல் இந்த டாக்டர்கள் பத்து வருடம் உட்கார்ந்து படித்துவிட்டார்கள், பாவம்.

முறை இதுதான். முதல் தடவை வருகிறவர்களுக்குப் பச்சை நிறத்தில் ஒரு கட்டி கொடுப்பார்கள். பெயர் 'சுத்திக் கட்டி'. அதைக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் குழந்தையின் தலையிலும் முகத்திலும் தேய்க்க வேண்டும். நுரையைக் கழுவக் கூடாது, அப்படியே காய விட வேண்டும். எண்ணெய், கிரீம், மருந்து எதுவும் படக் கூடாது. ஏழாம் நாள், நுரை காய்ந்த முகத்தோடு மாடிக்கு வர வேண்டும். ஐயா ஒரு மஞ்சள் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குழந்தையின் கன்னத்தில் ஒரே இழுப்பு இழுப்பார்.

துணி சிவந்துவிடும். சும்மா சிவப்பு இல்லை, ரத்தச் சிவப்பு. கூட்டம் 'ஆ' என்னும். கைகள் தானாகக் குவியும். பின் வரிசையில் ஒருவர் மயங்கி விழுவார். தினமும் அதே ஆள்தான் மயங்கி விழுகிறார் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

சிவப்பிலும் தரம் உண்டு. இளஞ்சிவப்பு என்றால் தெருவில் போனவர் கண். நடுச்சிவப்பு என்றால் பழகினவர் கண். கருஞ்சிவப்பு என்றால் ரத்த சொந்தம். அதன் பிறகு யார், எவர் என்று ஐயா அடையாளமும் சொல்லுவார். காசு வாங்கவே மாட்டார். கட்டிக்கு மட்டும்தான் விலை. கரப்பான் போகும்வரை கட்டியை நிறுத்தக் கூடாது. கட்டியோ சீக்கிரம் கரைகிற கட்டி.

பலன் இல்லாமலா இத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்பீர்கள். கரப்பான் என்பது தானாக ஏறும், தானாக இறங்கும். இறங்கினால் ஐயா எடுத்தது. ஏறினால் சொந்தக்காரர் மறுபடி வைத்தது. இப்படி ஒரு தொழில் அமைந்தால் யார்தான் தோற்பார்கள்? எனக்கும் அமையவில்லையே என்று நான் வருத்தப்பட்டதுண்டு.

எனக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும்? நான் எதிர் வரிசையில் இருக்கும் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவன். என் தலையிலும் ஒரு அரிப்பு உண்டு. பெரியவர்களுக்கும் பார்ப்பாரா என்று கேட்டேன். பார்ப்பார் என்றார்கள். கட்டி வாங்கினேன், தேய்த்தேன், ஏழாம் நாள் போய் நின்றேன். துணி நடுச்சிவப்பானது. "மாமியார்" என்றார் ஐயா. எனக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்துப்போனது. இரண்டு வாரம் மாமியாரோடு பேசவில்லை. ஒருவர் பொறாமைப்படும் அளவுக்கு என் தலையில் முடி இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் லாண்டரியில் வெளுப்பு வேலை முழுக்க வாஷிங் அக்கா பொறுப்பு. முதலாளி முதல் பில் போடும் பையன் வரை அவருக்கு அதுதான் பெயர். இருபது வருடமாகக் கறையோடு மல்லுக்கட்டுகிறவர். ஒரு சட்டையை விரித்துப் பார்த்தாலே, இது மை, இது கிரீஸ், இது மைபோலத் தெரிந்தாலும் காபி என்று பிரித்துப் போட்டுவிடுவார். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர் பேசியும் நான் கேட்டதில்லை. ஆனால் தம்பி மகளைப் பற்றிப் பேசாமல் ஒரு நாள் கழிந்தும் நான் பார்த்ததில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். தம்பி மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது. வேலை முடிந்ததும் அக்கா நேராக அங்கேதான் போவார். பாப்பா கதவுச் சத்தம் கேட்டதும் "த்த, த்த" என்று தவழ்ந்து வரும். இஸ்திரி போடுகிற எனக்கு இந்தச் செய்தி எதற்கு என்று அக்கா யோசித்ததே இல்லை. எத்தனை பல், எந்தப் பல் முதலில், எல்லாம் எனக்குத் தெரியும்.

அந்தப் பாப்பாவுக்குத்தான் நாலு மாதமாகக் கரப்பான். தலை முழுக்க மஞ்சள் பொருக்கு. இரண்டு கன்னமும் தக்காளிச் சிவப்பு. ஓயாத அரிப்பு. தலையணை உறையில் புள்ளி புள்ளியாக ரத்தம். டீச்சர் பாப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டே தூங்கப் பழகிவிட்டாள். தூங்கினாள் என்றா சொன்னேன்? படுத்திருந்தாள். ஆரம்பத்தில் ஒரு டாக்டர் களிம்பு கொடுத்தார். ஒரு வாரத்தில் சரியானது. சரியாகிவிட்டதே என்று நிறுத்தினார்கள். மறுபடி வந்தது. உடனே மருந்து உதவாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்புறம் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை. கடைசி யோசனை, டயர்க்கடை மாடி.

பள்ளிக்கூடத்தில் அந்த டீச்சர் எப்படித் தெரியுமா? விடை சரியாக இருந்தாலும் படிகளை எழுதாவிட்டால் மதிப்பெண் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் மாடியில் விடையை மட்டும் கேட்டாள், நூற்றுக்கு நூறு போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தூக்கம் கெட்டவர்கள் எதையும் நம்புவார்கள். நான் நன்றாகத் தூங்கி எழுந்து போயே நம்பினவன்.

பாப்பா கன்னத்தில் இழுத்த துணி கருஞ்சிவப்பானது. ஐயா கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். அவருடைய பார்வையின் சக்தி நம்மைப் பொசுக்கிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. கண்ணாடியை லேசாகச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"அப்பா வழி. பொம்பளை. மடியில புள்ள இல்லாதவ. கை எப்பவும் ஈரமா இருக்கும்."

மாடியே சிலிர்த்துப்போனது. கீழே டோக்கன் கொடுக்கும் அம்மா அரை மணி நேரம் டீச்சரை உட்காரவைத்து, "நாத்தனார் இருக்காங்களாம்மா? எத்தனை புள்ளைங்க? ஐயோ பாவம், இல்லியா? என்ன வேலை பாக்கறாங்க?" என்று உருகி உருகி விசாரித்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த அம்மா டோக்கன் நம்பரை ஒரு நோட்டில் எழுதுவார். நம்பர் எழுத எதற்கு அரைப் பக்கம் என்றும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் தம்பி லாண்டரிக்கு வந்தான். உள்ளே வராமல் ஹேங்கர் வரிசைக்குப் பின்னால் நின்றான்.

"அக்கா, ஒரு மூணு மாசத்துக்கு..."

"மூணு மாசத்துக்கு என்னடா?"

"வீட்டுப் பக்கம் வர வேணாம். நான் சொல்லலக்கா. அவ சொல்றா. அவகூட சொல்லல, ஐயா சொல்றாரு."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"நான் என்னக்கா சொல்றது?"

"அதான் கேக்கறேன். நீ ஒண்ணுமே சொல்லலியா?"

அவன் பதிலுக்குத் தும்மினான். அவனுக்குத் தினமும் காலையில் வரிசையாகப் பதினைந்து தும்மல் வரும். அன்றைக்கு அது நல்ல சாக்காகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டான்.

அக்கா அழவில்லை. மெஷினில் துணியைத் திணித்தார். எடுத்தார். மறுபடி அதையே திணித்தார். அது ஏற்கெனவே துவைத்த துணி என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்:

"எனக்குப் புள்ள இல்லதான். அதுக்காக அந்தப் புள்ளைய நான் அப்படியா பாப்பேன்?"

அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு சட்டையின் கையைக் கருக்கிவிட்டேன்.

இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் ஒரு ஓட்டலிலிருந்து மேஜை விரிப்புகள் வந்தன. வெள்ளை விரிப்பு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. அக்கா சோப்புக் கரைசலை ஒரு குவளை எடுத்துக் கறைமேல் ஊற்றினார். கறை ரத்தமாகச் சிவந்தது. வாரத்துக்கு இருபது தடவை நாங்கள் பார்க்கிறதுதான். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். அலசி வெயிலில் போட்டால் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் ரொம்ப பக்தியோடு சொன்னேன்:

"அக்கா, அப்படியே ஐயா துணி மாதிரியே இருக்கு."

அக்கா குவளையைக் கீழே வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்னே?"

"ஐயா துணியும் இப்படித்தான் சிவக்கும்."

"துடைக்கறதுக்கு முன்னால அந்தத் துணி என்ன கலரு?"

"மஞ்சள்."

"புள்ள மூஞ்சில என்ன போட்டிருப்பாங்க?"

"சுத்திக் கட்டி. நுரைய அப்படியே காய விட்டு..."

பாதியிலேயே என் வாய் நின்றுவிட்டது. இருபது வருடம் கறை பார்த்தவரும், பன்னிரண்டு வருடம் இஸ்திரி போட்டவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்காவாவது மாடிக்குப் போனதில்லை. நான் நேரில் நின்று பார்த்துவிட்டுக் கும்பிட்டு வந்தவன். என்னைப் போன்ற அறிவாளிகளை நம்பித்தான் ஐயாவின் பிழைப்பே ஓடுகிறது.

"யோவ் இஸ்திரி, அந்தக் கட்டி மிச்சம் இருக்கா?"

வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தேன். அக்கா முகர்ந்து பார்த்தார். நனைத்து விரலால் தேய்த்தார். பிறகு எங்கள் அலமாரியைத் திறந்து, மெக்கானிக்குகளின் கிரீஸ் சட்டைக்குப் போடும் காலர் சோப்பு ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே பச்சை, அதே வாசனை, அதே வளைவு. என்னுடையதில் மேலே இருக்க வேண்டிய முத்திரையை மட்டும் கத்தியால் சீவியிருந்தார்கள்.

"இதத் தொட நான் ரப்பர் கிளவுஸ் போடறேன்யா" என்றார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "என் கையே வெடிச்சுப் போவுது. இதையா அந்தப் பிஞ்சு மூஞ்சில மூணு வேளை தேய்க்கறாங்க?"

நான் அப்போதே டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னன்னு சொல்லுவே? கண்ணு வெச்சவளே ஆள் அனுப்பியிருக்கான்னு கதவைச் சாத்துவாங்க. நம்ம வாயால சொன்னா ஏறாது. அவங்க கண்ணால பாக்கணும். நாளைக்கே பாக்கணும். புள்ள எரிச்சல்ல கெடக்கு."

கூட்டத்துக்கு நடுவே போய் நிற்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். டோக்கன் அம்மாவிடம் போய், "நாளைக்கு எல்லார் முன்னாலயும் ஐயாகிட்ட மன்னிப்புக் கேக்கறேன், தம்பி குடும்பத்தையும் வரச் சொல்லுங்க" என்றார். டோக்கன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண் வைத்தவரே மேடையேறி ஒப்புக்கொள்வது என்றால் சும்மாவா? சாயங்காலத்துக்குள் பலகை எழுதி மாட்டிவிட்டார்கள். சனிக்கிழமை காலை மாடியில் எள் போட்டால் விழ இடமில்லை. போட்டிக் கடைக்காரர்கூடக் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்.

அதற்குள் அக்கா கீழே டயர்க்கடைக்காரரிடம் ஒரு உதவி கேட்டிருந்தார்.

"ஒரு புது டயர் வேணும்ண்ணே. கழுவித் துடைச்சுத் தரணும். கொஞ்ச நேரத்துல திருப்பித் தந்துடறேன்."

"மாடி காலியாகும்னா கடையையே எடுத்துட்டுப் போம்மா" என்றார் அவர்.

மேடையில் ஐயா வெள்ளை அங்கியில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தண்ணீர் வாளி, மறுபக்கம் மடித்து அடுக்கிய மஞ்சள் துணிகள். முன் வரிசையில் டீச்சர், மடியில் நுரை காய்ந்த முகத்தோடு பாப்பா. பக்கத்தில் தம்பி. அத்தையைப் பார்த்ததும் பாப்பா "த்த" என்று இரண்டு கையையும் நீட்டியது. டீச்சர் அந்தக் கைகளை மடக்கிப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அக்கா மேடையேறிக் கை குவித்தார்.

"ஐயா, மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். அதுக்கு முன்னால ஒரு சந்தேகம்."

"சந்தேகம் இருக்கற இடத்துல சக்தி நிக்காது."

"ரொம்பச் சின்னச் சந்தேகம்ங்க. ஓரமா நிக்கட்டும்."

அங்கங்கே சிரிப்பு. அக்கா என்னைக் கைகாட்டினார். "இவனுக்குக் கையில அரிப்புங்க ஐயா. மொதல்ல இவனுக்குப் பாருங்க."

நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். இடது கையில் கட்டி தேய்த்துக் காயவிட்டிருந்தேன். வலது கை வெறும் தண்ணீரில் கழுவினது. ஐயா இடது கையைத் துடைத்தார். சிவப்பு. கூட்டம் வழக்கம்போல 'ஆ' என்றது. வலது கையைத் துடைத்தார். துணி மஞ்சளாகவே இருந்தது.

ஐயா அசரவில்லை. "இடது கை பாவம் செஞ்ச கை" என்றார்.

"சரிங்க ஐயா" என்றார் அக்கா. அங்கேயே என் வலது கையிலும் கட்டியைத் தேய்த்து, விசிறிக் காயவைத்தார். மேடையிலிருந்த இன்னொரு துணியை எடுத்து, தன் கையாலேயே நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். ரத்தச் சிவப்பு.

"இப்ப வலது கையும் பாவம் செஞ்சிருச்சா ஐயா? இவன் இங்கதானே நின்னுட்டிருந்தான்!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடத்தில் நான் எந்தப் பாவமும் செய்யவில்லை. செய்ய எங்கே நேரம்?

படியில் தட், தட் என்று சத்தம். டயர்க்கடைக்காரர் டயரை உருட்டிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தார். மேடையில் அதை நிறுத்தி, சாக்பீஸால் நடுவில் ஒரு கோடு போட்டார்.

"இதுல பாதிக்கு மட்டும் கட்டி தேய்ச்சிருக்கு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் அக்கா. "ஐயா துடைச்சுக் காட்டணும்."

"ஜடப் பொருளை நான் தொடறதில்லை."

"நான் துடைக்கறேன்."

எழுந்தது டீச்சர். பாப்பாவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு வந்தாள். அந்த முகத்தில் நாலு மாதமாகக் காணாமல்போன கணக்கு டீச்சரை நான் பார்த்தேன்.

"எந்தப் பாதின்னு எனக்குச் சொல்லாதீங்க அண்ணி. வேற யாரும் வாயத் திறக்காதீங்க."

இடது பாதியைத் துடைத்தாள். மஞ்சள். துணியை மாற்றி வலது பாதியைத் துடைத்தாள். கருஞ்சிவப்பு. அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்:

"அடேங்கப்பா, டயருக்கே கண்ணு பட்டிருக்கு!"

"கருஞ்சிவப்புன்னா ரத்த சொந்தமாச்சே" என்றது இன்னொரு குரல். "டயருக்கு ரத்த சொந்தம் யாருய்யா?"

"டியூப்தான்!" என்றார் டயர்க்கடைக்காரர்.

மாடி இடிந்துவிடும்போலச் சிரிப்பு. தினமும் மயங்கி விழுகிற ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மயங்கி விழ வேண்டிய கட்டம் எப்போதோ தாண்டிப்போனது அவருக்கு ஞாபகமே இல்லை.

அக்கா இடுப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடித்து, சிவந்த துணியில் பிழிந்தார். சிவப்பு கரைந்து மஞ்சளானது.

"பட்ட கண்ணு திரும்பிப் போயிருச்சு, பாத்துக்கோங்க. இது மஞ்சள்ல தோய்ச்ச துணி. சோப்புல காரம் இருக்கு, பட்டாச் சிவக்கும். பழத்துல புளிப்பு இருக்கு, பட்டா மாறிடும். இவ்வளவுதான் சக்தி. ஏம்மா, உங்க வீட்டுச் சட்டையில மஞ்சள் பட்டு, சோப்புப் போட்டதும் செவக்குதே, அன்னிக்கு எந்த நாத்தனாரைத் தள்ளி வெச்சீங்க?"

துவைக்காத வீடு அங்கே ஒன்றுகூட இல்லை. வீட்டு வாளியில் நடந்தால் கறை, மேடையில் நடந்தால் அற்புதம் என்று இத்தனை நாள் நம்பியிருக்கிறோம்.

டீச்சர் ஐயா பக்கம் திரும்பினாள். "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க? படிப்படியாச் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

ஐயா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முறைத்தார். நாங்கள் பொசுங்கவில்லை. கண்கள் இரண்டும் சாதாரணமான கண்கள், தூக்கம் கொஞ்சம் அதிகம்.

"கேள்வி கேட்டவ குடும்பம் விளங்காது" என்றார்.

"பதில் சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

பதில் சொல்லாமல் பின்படி வழியாக இறங்கினார். அங்கியின் நுனி கதவில் மாட்டிக்கொண்டது. கிழித்துக்கொண்டு போனார். டோக்கன் அம்மா நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கட்டிப் பெட்டிகளைப் பிறகு சுகாதார அதிகாரி வந்து அள்ளிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைகிறபோது டீச்சர் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே அண்ணி தேய்ச்சேன். அழுவ அழுவப் பிடிச்சு வெச்சு, என் கையாலயே..."

"புள்ள நல்லா இருக்கணும்னுதானே தேய்ச்சே. அழறத அப்புறம் வெச்சுக்கலாம். ஆஸ்பத்திரி பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்க. மொதல்ல வெறுந்தண்ணியில மூஞ்சியக் கழுவு, எந்திரி."

"உங்களை வேற..."

"அதையும் அப்புறம் வெச்சுக்கலாம். எந்திரிம்மா."

பாப்பாவுக்கு இந்தப் பேச்சுவார்த்தைக்கெல்லாம் பொறுமை இல்லை. அப்பன் கையிலிருந்து அத்தை தோளுக்குத் தானாகவே தாவிவிட்டது.

தோல் டாக்டரம்மாவின் அறைக்கு நானும் போனேன். என் தலை அரிப்புக்கும் ஒரு முடிவு வேண்டுமே. டீச்சர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இருபது கேள்வி கேட்டாள். டாக்டரம்மா ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை.

"இது ஒட்டிக்கிற நோய் இல்லம்மா. யாரு பாத்தும் வராது, தொட்டும் வராது. குழந்தையோட தோல் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். சோப்பை நிறுத்துங்க. வெதுவெதுன்னு தண்ணி, அஞ்சு நிமிஷக் குளியல். தேய்க்காம ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள, வாசனை இல்லாத இந்தக் களிம்பைத் தாராளமா பூசுங்க. தினமும் பூசணும், நல்லா இருக்கற நாள்லயும் பூசணும். சிவந்த இடத்துக்கு மட்டும் இந்த மருந்து, மெல்லிசா, நான் சொல்ற நாள் வரைக்கும். மிச்சம் இருக்கேன்னு நீங்களா போடக் கூடாது. தலைப் பொருக்கைப் பிய்க்காதீங்க, களிம்பு போட்டு ஊறவெச்சா மெதுவா வந்துரும். நகத்தை ஒட்ட வெட்டுங்க. நீர் வடிஞ்சாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

"எப்ப முழுசாப் போகும் டாக்டர்?"

"தேதி சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். வளர வளர நிறையப் பேருக்குக் குறையும். வரும், போகும். வந்தாச் சமாளிக்கலாம்."

அப்போது தம்பி வரிசையாகப் பதினைந்து தும்மல் போட்டான். டாக்டரம்மா எண்ணிக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "இது எத்தனை வருஷமா?"

"சின்ன வயசுலேர்ந்து."

"தும்மலும் மூச்சிரைப்பும் இருக்கற குடும்பத்துல குழந்தைக்கு இந்தத் தோல் வர்றது சகஜம்தான்."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "அப்பா வழின்னு அந்த ஆள் சொன்னது மட்டும் சரிதான்டா" என்றார். டீச்சர் நாலு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். என் தலையில் இருந்தது வெறும் பொடுகு. இரண்டு வார ஷாம்பு வேலை. மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அதைவிட அதிக நாள் ஆனது.

பத்தே நாளில் பாப்பா கன்னம் கன்னமாகத் தெரிந்தது. அடுத்த மாதம் சளி பிடித்தபோது கரப்பான் மறுபடி எட்டிப் பார்த்தது. டீச்சர் யாரையும் திட்டவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள், சொன்னபடி செய்தாள். ஒரு வாரத்தில் இறங்கியது. பூசுகிற வேலையைப் பாதி நாள் அத்தைதான் செய்கிறார். பூசி முடிக்கிறவரை பாப்பா ஆடாமல் உட்கார்ந்திருப்பது அவரிடம் மட்டும்தான்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். நம் மக்கள் முடிய விடுவார்களா? பாப்பா தேறிய செய்தி பரவியதும் லாண்டரி வாசலில் குழந்தைகளோடு ஒரு வரிசை முளைத்தது. துணி வெளுக்க வந்தவர்கள் இல்லை. அக்கா கையில் சக்தி இருக்கிறதாம். கண்ணெடுப்பாரையே ஓடவைத்த கையாம். வரிசையில் பாதிப் பேர் டயர்க்கடை மாடியில் நான் பார்த்த முகங்கள்.

முதலில் நின்ற பெண், குழந்தையை நீட்டி, "ஒரு தடவை தொட்டுக் குடுத்துருங்கக்கா, போதும்" என்று காலில் விழப்போனாள். அக்கா காலை இழுத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி காலையில எட்டு மணிக்குத் திறக்கும். என் கையில சோப்பு நாத்தம்தான் இருக்கு."

"அந்த ஆளும் பொய்ங்கறீங்க, உங்க கையிலயும் ஒண்ணும் இல்லங்கறீங்க. அப்ப யாரைத்தான் நம்பறது?"

"யாரையாவது நம்பியே தீரணும்னு உனக்கு யாரும்மா சொன்னா? எதிர்ல இருக்கறது யாரா இருந்தாலும், டாக்டரா இருந்தாலும், நானா இருந்தாலும், ஏன், எப்படின்னு கேளு. பதில் சொன்னா யோசிச்சுப் பாரு. பதில் சொல்லாம எவன் முறைக்கறானோ, அவன்கிட்டேர்ந்து புள்ளையத் தூக்கிட்டு ஓடு!"